பேண்டுல டிரம்ஸ் வாசிச்ச காலம்: எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

நான் மேடையில டிரம்ஸ் வாசிக்கிறதை நிறுத்தி சில வருஷம் ஆச்சு. ஆனா "ஒரு காலத்துல ராக் பேண்ட்ல டிரம்மரா இருந்தேன்"னு வாய் தவறிச் சொல்லிட்டா போதும், அதே பதினஞ்சு இருபது கேள்வி கிட்டத்தட்ட அதே வரிசையில வந்துடும். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, பதிலை ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன். பழைய ஷோ ரெக்கார்டிங் ஒரு டப்பா நிறைய வெச்சிருக்கேன், பாதி கேசட், மீதி போன்ல எடுத்தது. இதை எழுதுறதுக்காக எல்லாத்தையும் உக்காந்து கேட்டேன். என் ஞாபகத்துக்கும் டேப்புக்கும் பாதி இடத்துல ஒத்தே போகல. அப்படி இடிக்கிற இடத்துல எல்லாம் டேப் சொல்றதைத்தான் எழுதியிருக்கேன்.

அண்ணா, மொத்தம் எத்தனை பேண்ட்ல வாசிச்சிருக்கீங்க?

நாலு. நடுவுல ஒரு ஆறு மாசம் இன்னொரு பேண்டுக்கு மாத்து ஆளா போனேன். முதல் பேண்ட் கூடப் படிச்ச பசங்க, அடுத்தவங்க பாட்டைத்தான் வாசிப்போம், அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் ஒழுங்கா ட்யூன் பண்ணவே தெரியும். ரெண்டாவது மூணு பேர் பேண்ட், சொந்தப் பாட்டு, சத்தம் தாங்காது. மூணாவது மெட்டல் பேண்ட், அதுல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க, அதுக்குக் கீழ தனிக் கேள்வியே இருக்கு. கடைசி பேண்ட்தான் ரொம்ப நாள், எட்டு வருஷம், கீபோர்டு, பேக்கிங் ட்ராக் (முன்னாடியே பதிஞ்சு வெச்ச இசை), க்ளிக் (வேகம் தப்பாம இருக்க காதுல ஓடுற டக் டக் சத்தம்)னு எல்லாம் முறையா இருந்துச்சு.

பேர் எதுவும் போடல. அவங்கள்ல சிலர் இன்னும் வாசிச்சிட்டுதான் இருக்காங்க, என் கதையை அவங்க வேற மாதிரி சொல்லலாம்.

ஒவ்வொரு ஷோவுக்கும் முழு செட்டையும் தூக்கிட்டா போவீங்க?

முதல் பேண்ட்ல ஆமா, அறியாத வயசு. என்னோட செட்டு 22 இன்ச் கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்), 14 இன்ச் ஸ்னேர் ("சட்"னு கேக்குற டிரம்), 12, 16-ல ரெண்டு டாம் (டொம்னு கேக்குற டிரம்), 14 ஹை-ஹேட் (காலால மூடித் திறக்குற ஜோடி சிம்பல்), அப்புறம் தனித்தனி சிம்பல்: 16, 18-ல க்ராஷ், 20 இன்ச் ரைட். ராக் வாசிக்கிற பெரும்பாலான ஆளுங்க செட்டு இதுக்குக் கிட்டத்துலதான் இருக்கும். பாக்கத்தான் பெருசு, டிரம்முக்குள்ள வெறும் காத்துதான், முதுகை ஒடிக்கிறது ஸ்டாண்டு எல்லாம் போட்டு வெச்ச அந்த இரும்புப் பைதான்.

ஒரே ராத்திரில நாலஞ்சு பேண்ட் இருந்தா மேடையில ஒரு பொது செட்டு போட்டிருப்பாங்க. அவனவன் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல், ஸ்டிக் மட்டும் கொண்டு வரணும், இதைத்தான் பிரேக்கபிள்ஸ்னு சொல்வாங்க. நான் கூடவே ஸ்டூலையும் கொண்டு போவேன், ஏன்னா ரெண்டு இன்ச் உயரம் மாறினாலும் கால் என் கால் மாதிரியே இருக்காது. அப்புறம் ஒரு சின்ன டப்பா, அதுல விங் நட், ஃபெல்ட், சிம்பல் ஸ்டாண்டுக் கம்பிக்குப் போடுற ப்ளாஸ்டிக் ஸ்லீவ். அந்த ஸ்லீவ் இல்லாம வாசிச்சா இரும்புல உரசி உரசி சிம்பல் நடு ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிடும். அப்படி ஒரு நல்ல ரைடை நான் கெடுத்து வெச்சிருக்கேன், பார்த்தாலே வயிறு எரியும்.

நான் இடதுகை. செட்டை மாத்தி வெச்சுக் கத்துக்கவா?

வீட்டுல எப்படி வேணா வைங்க. மேல சொன்ன பொது செட்டுல மட்டும், உங்களுக்கு முன்னாடி வாசிச்சவன் இறங்கினதும் எல்லாத்தையும் திருப்பிப் போட நேரம் கிடைக்காது. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடதுகைக்காரர், வலதுகை செட்டுலதான் வாசிப்பார், அவரோட ஃபில் (பாட்டுல ஒரு பகுதியில இருந்து அடுத்ததுக்குப் போகும்போது வாசிக்கிற சின்ன உருட்டல்) எல்லாம் ஒரு மாதிரி கோணலா, அழகா வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ரெண்டு மாதிரியும் கொஞ்சம் பழகி வைங்க.

ஸ்டிக் எந்த நம்பர் வாங்கணும்? ஒரு ஷோவுக்கு எத்தனை உடையும்?

5ஏ-ல ஆரம்பிங்க. கை பழகினதும், சத்தம் பத்தலன்னு தோணினா 5பி, அது கொஞ்சம் தடிமன். நம்பர் குறையக் குறைய பொதுவா ஸ்டிக் தடிக்கும், 2பி நல்லா தடியா இருக்கும். மரம் ஹிக்கரியா இருந்தா அதிர்ச்சியைத் தாங்கும்.

மூணு பேர் பேண்ட்ல ஒரு ஷோவுக்கு மூணு ஜோடி போயிடும், கடைசி பேண்ட்ல ரெண்டு ஷோவுக்கு ஒரு ஜோடி. அதே கைதான், பிடிதான் மாறிடுச்சு. ஸ்டிக் பெரும்பாலும் நடுவுலதான் தேயும், ஸ்னேர் ரிம்முலயும் ஹை-ஹேட் ஓரத்துலயும் படுற இடம் எலி கடிச்ச மாதிரி ஆகிடும். அப்படி ஆன ஸ்டிக்கை அடுத்த ஷோவுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ஃப்ளோர் டாம்ல (தரையில நிக்கிற பெரிய டாம்) பை தொங்க விட்டு, பாக்காமலே ஒரு கையால அடுத்த ஸ்டிக்கை உருவப் பழகுங்க, இன்னொரு கையும் காலும் நிக்கக் கூடாது.

ஒரு தடவை கைநழுவிப் பறந்த ஸ்டிக் கிட்டார்காரரோட பெடல் போர்டு மேல விழுந்து எதிரொலி குடுக்குற டிலே பெடல் ஆன் ஆகிடுச்சு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல. டேப்ல கேட்டா வேணும்னே செஞ்ச மாதிரி அருமையா இருக்கு.

சவுண்ட் செக்ல டிரம்மரை மட்டும் ஏன் டம் டம்னு ரொம்ப நேரம் அடிக்க விடுறாங்க?

மைக் அதிகம் உங்களுக்குத்தான். கிக்குக்குள்ள ஒண்ணு, ஸ்னேர் ஓரத்துல ஒண்ணு (பெரும்பாலும் ஷ்யூர் எஸ்எம்57), டாமுக்கு ஒண்ணொண்ணு, மேல தொங்குறது ரெண்டுன்னு எட்டு பத்து மைக் ஆகிடும். ஒவ்வொண்ணுலயும் மத்ததோட சத்தமும் கசியும், அதை எல்லாம் சவுண்டு பாக்குறவர் தனித்தனியா கேட்டுச் சரி பண்ணணும். அதனால "கிக்"னு சொன்னா கிக் மட்டும் அடிங்க, வித்தை காட்டாதீங்க.

செக்ல எவ்ளோ பலமா அடிச்சீங்களோ அதே பலத்துல ஷோவுலயும் அடிக்கணும். நான் பல வருஷம் செக்ல பூ மாதிரி தட்டிட்டு ஷோவுல இடி மாதிரி அடிச்சேன், பாடுறவங்க குரல் முழுகிடும், திட்டு சவுண்டு ஆளுக்கு விழும். இன்னொண்ணு, ஹால் காலியா இருக்கும்போது எதிரொலி பயங்கரமா இருக்கும், பயப்படாதீங்க, ஜனம் வந்து நின்னா உடம்பும் துணியுமே பாதியை உறிஞ்சிடும்.

மேடையில உங்களுக்குப் பாட்டு நல்லா கேக்கும்ல?

இல்லவே இல்ல. மேடையிலயே மோசமான சீட்டு டிரம்மரோடதுதான். கைக்குக் கீழயே ஸ்னேர், காதுக்குப் பக்கத்துல க்ராஷ், கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருசாக்குற ஸ்பீக்கர் பெட்டி) எல்லாம் ஜனத்தைப் பார்த்து திரும்பி நிக்கும், பாடுறவங்க முதுகுதான் தெரியும். முன்னால நமக்குன்னே வெச்ச மானிட்டர் ஸ்பீக்கர்ல என்ன வருதோ அதுதான் உங்க பாட்டு. நான் எப்பவும் கிக்கும் குரலும் மட்டும் போடச் சொல்வேன், எல்லாமே வேணும்னு கேட்டா கடைசியில எதுவும் கேக்காது.

இதுல நேரக் கணக்கு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. காத்துல சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமாரா 343 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற ஆம்ப் சத்தம் உங்க காதுக்கு வர 29 மில்லிசெகண்டு ஆகும், அதை எப்படியோ சமாளிச்சிடலாம். ஆனா ஸ்பீக்கர்ல இருந்து போற உங்க ஸ்னேர், நாப்பது மீட்டர் தள்ளி இருக்கிற பின்சுவர்ல மோதித் திரும்பி வந்தா 80 மீட்டர், கிட்டத்தட்ட 233 மில்லிசெகண்டு. 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 பீட்டு) பாட்டுல அரை பீட்டே 250 தான். அதாவது ஒவ்வொரு அடிக்கும் பின்னாடியே கிட்டத்தட்ட அரை பீட்டுல இன்னொரு ஸ்னேர் கேக்கும், ஆனா சரியா அரை பீட்டுல கேக்காது. அதோட சேர்ந்து வாசிக்கப் போனீங்க, தொலைஞ்சீங்க. பாட்டு ரப்பர் மாதிரி இழுக்க ஆரம்பிக்கும், பேண்டுல எல்லாரும் எல்லாரையும் முறைப்பாங்க.

ரிகர்சல்ல சரியா இருந்த பாட்டு லைவ்ல ஏன் ஓடுது?

படபடப்புதான். நெஞ்சு வேகமா அடிக்கும்போது சரியான வேகமே மெதுவா போற மாதிரி தெரியும், நீங்க ஏத்திட்டே போவீங்க, ஏத்துறது உங்களுக்கே தெரியாது. முதல் பேண்டோட முதல் ஷோ கேசட் இருக்கு. 120-ல ஒத்திகை பார்த்த பாட்டு, சரியா நாலு நிமிஷம் வரணும், மூணரை நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. கணக்குப் போட்டா சுமாரா 137. அன்னைக்குப் பாடின பையன் மூச்சு விட இடமில்லாம வார்த்தையை முழுங்கியிருக்கான், நான் இத்தனை வருஷமா அவன்தான் வரி மறந்துட்டான்னு சொல்லிட்டு இருந்தேன்.

என்ன செய்யலாம்னா, கவுண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி பாட்டோட பல்லவியை மனசுக்குள்ள ஒரு வரி பாடுங்க, முதல் வரியைப் பாடாதீங்க. முதல் வரியில வார்த்தை கம்மியா இருக்கும், எந்த வேகத்துலயும் பொருந்திடும், பல்லவி பொருந்தாது. அதுக்கப்புறம் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்". செட் லிஸ்ட்ல ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் பிபிஎம் எழுதி, சின்ன மெட்ரோனோம்ல லைட்டை மட்டும் எரிய விட்டுப் பாத்துக்கிட்டாலும் போதும்.

க்ளிக் போட்டு வாசிக்கிறது ஏமாத்து வேலை இல்லையா ப்ரோ?

பேக்கிங் ட்ராக் ஓடுதுன்னா க்ளிக் இல்லாம முடியாது, அந்த ட்ராக் உங்களுக்காகக் காத்திருக்காது. கடைசி பேண்ட்ல எட்டு வருஷம் காதுல டக் டக் டக்னு கேட்டுட்டே வாசிச்சேன். டெம்போ, அதாவது பாட்டோட வேகம் ஓடிடுமோங்கிற பயம் போச்சு, ஆனா வேற பயம் வந்துச்சு. ஒரு ஷோவுல ஃபில் முடிச்சு அரை பீட்டு முன்னாடி இறங்கிட்டேன், அப்புறம் காதுல வர்ற க்ளிக் எல்லாம் நடு அடியா கேக்குது, அதுவே சரின்னு மூளை நம்பிடுச்சு. பேண்ட் என்னோட, ட்ராக் அது பாட்டுக்கு. எட்டு பார் (பெரும்பாலும் நாலு பீட்டு சேர்ந்தா ஒரு பார்) அப்படியே போச்சு. அந்த மாதிரி நேரத்துல ஒரே வழி, கிக், ஸ்னேர் ரெண்டையும் விட்டுட்டு ஹை-ஹேட் மட்டும் தட்டிட்டே ட்ராக்ல "ஒன்", அதாவது பாரோட முதல் பீட்டு, எங்க விழுதுன்னு தேடுறது.

ஏமாத்தான்னு கேட்டா, இல்ல. ஆனா க்ளிக்கோட வாசிச்ச டேப் எதுலயும் பல்லவி லேசா முன்னால சாயுற அந்த ஆசை இருக்காது. அது வேணும்னா க்ளிக் இல்லாம வாசிக்கிற பாட்டு ரெண்டையாவது ஷோவுல வைங்க.

டிரம்மருக்கு ஜோடி பேஸ் கிட்டார்னு சொல்றாங்களே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். என் கிக்கும் அவரோட நோட்டும் ஒண்ணா விழுந்தா ஜனம் அதை ஒரே சத்தமாத்தான் கேப்பாங்க. மூணு பேர் பேண்ட்ல பேஸ்காரர் பல்லவி மாறுறதுக்கு முன்னாடி இடது தோளை இறக்குவார், அவருக்கே தெரியாது, நான் வருஷக்கணக்கா அந்தத் தோளைப் பார்த்துத்தான் வாசிச்சேன். யாரோட காலையும் பார்க்காதீங்க, நிறைய பேர் தாளத்துக்குச் சம்பந்தமில்லாம கால் தட்டுவாங்க.

விதிவிலக்கும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ்ல டிரம்மரா இருந்த சார்லி வாட்ஸ் கீத் ரிச்சர்ட்ஸோட கிட்டாரைத் தொடர்ந்துதான் வாசிச்சார், அதான் அந்த பேண்டுக்கு அப்படி ஒரு தள்ளாட்டம். உங்க பேண்ட்ல யார் கை திடமா இருக்கோ அவரோட சேர்ந்துக்கோங்க.

நடு ஷோவுல தப்பு அடிச்சா என்ன பண்ணுவீங்க?

முகத்தை மாத்த மாட்டேன். பாதித் தப்பு முகத்தாலதான் வெளிய தெரியும். "ஒன்" எங்கன்னு பிடிச்சிட்டா நடுவுல என்ன விழுந்தாலும் பரவால்ல, அடுத்த "ஒன்"ல க்ராஷ் அடிச்சா எல்லாரும் வந்து சேர்ந்துக்குவாங்க.

சாமான் செய்ற தப்புதான் கஷ்டம். ஸ்னேருக்கு அடியில மெல்லிய கம்பிங்க ஓடும், அதுதான் "சட்"னு சத்தம் குடுக்கும். அமைதியான பாட்டுல பேஸ் வாசிச்சாலே அந்தக் கம்பிங்க தானா ஸ்ஸ்னு அதிரும், அதனால பக்கவாட்டு லீவரைத் தட்டி கம்பியை இறக்கி விட்டுடுவோம். திரும்ப ஏத்த மறந்தா? அடுத்த பாட்டு நாலு கவுண்ட், முழு பேண்டும் இடிச்சிட்டு நுழையுது, என் ஸ்னேர் மட்டும் "டொம்"னு தகர டப்பா மாதிரி. இதை நான் ஒரு தடவை செஞ்சேன்னு நெனச்சிட்டு இருந்தேன். டேப்ல நாலு தடவை இருக்கு.

டிரம் சோலோ எல்லாம் வாசிப்பீங்களா?

மெட்டல் பேண்ட்ல கட்டாயப்படுத்துனாங்க, வாசிச்சேன். அப்போதான் எல்லாரும் பாத்ரூம் போவாங்க.

ஒரு மணி நேரம் வாசிச்சா உடம்பு என்ன ஆகும்?

ஓடின மாதிரி ஆகும். ப்ளாண்டி பேண்டோட டிரம்மர் க்ளெம் பர்க்கை வெச்சு பிரிட்டன்ல ரெண்டு பல்கலைக்கழகம் சேர்ந்து அளந்தாங்க, ஷோ நேரத்துல இதயத் துடிப்பு சராசரி 140-150, உச்சத்துல 190 வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கு 400-ல இருந்து 600 கலோரி. அதனால தண்ணியை செட்டு பக்கத்துலயே வைங்க, வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீங்க.

கொப்புளம் வர்றது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. வந்தா இறுக்கிப் பிடிக்கிறீங்கன்னு அர்த்தம். விரல்ல ப்ளாஸ்டர் சுத்துறது ஒரு ஷோவை ஓட்டத்தான், பிடியை மாத்தினாத்தான் தீரும். ரஷ் பேண்டோட நீல் பியர்ட் உலகமே கொண்டாடுற டிரம்மரா இருபது வருஷம் இருந்த பிறகு, 90-கள்ல ஃப்ரெடி க்ரூபர்னு ஒரு வாத்தியார்கிட்டப் போய் பிடி, உக்கார்றது எல்லாத்தையும் முதல்ல இருந்து மாத்திக்கிட்டார். நமக்கு என்ன கௌரவம்?

கையில அடிபட்டுச்சு, பழைய மாதிரி வாசிக்க முடியல. விட்டுடவா?

டாக்டர் சொல்றதைக் கேளுங்க முதல்ல. டெஃப் லெப்பர்ட் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்னைக்கு கார் விபத்துல இடது கையையே இழந்தார். இடது கை செய்ற வேலையை எல்லாம் இடது காலுக்கு மாத்தி, பெடல் வெச்ச எலக்ட்ரானிக் செட்டு ஒண்ணு செய்ய வெச்சு, 1986 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல டோனிங்டன் மேடையில வாசிச்சார். பழைய மாதிரி வாசிக்கணும்கிற எண்ணத்தை அவர் விட்டதுதான் எனக்குப் பெருசா படுது.

காதுல எதுவும் பிரச்சனை வரலையா?

வந்துச்சு. இப்பவும் வலது பக்கம் கீ...ன்னு ஒரு சத்தம், ராத்திரி ஃபேனை நிறுத்தினா தெரியும். ஹை-ஹேட் இடது பக்கம், அப்போ இடது காதுதானே போகணும்னு கேப்பாங்க. மூணு பேர் பேண்ட்ல கிட்டார் ஆம்பும் ரைடும் வலது பக்கம், அங்கதான் வாங்கினேன்.

கணக்கு இதுதான். அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற அரசு நிறுவனம் நியாஷ், 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லைன்னு சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94-ல ஒரு மணி நேரம், 100-ல பதினஞ்சு நிமிஷம். மூடின ரூம்ல ராக் பேண்ட் ரிகர்சல் 100-ஐ சர்வ சாதாரணமா தாண்டும். அதாவது மூணாவது பாட்டு முடியறதுக்குள்ள உங்க அன்னைக்கு ரேஷன் காலி. ஷோவை விட ரிகர்சல்தான் காதைத் தின்னும், ஏன்னா வாரத்துக்கு மூணு நாள் அதுதான் நடக்குது.

ஸ்பாஞ்சு அடைப்பு போட்டா மேல்சுரம் எல்லாம் போய் போர்வைக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கும், அதான் பசங்க கழட்டிடுறாங்க. இசைக்காரங்களுக்குன்னே ஃபில்டர் வெச்ச அடைப்பு இருக்கு, எல்லா சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவுல குறைக்கும். முதல் ஜோடி ஸ்டிக் வாங்குற அன்னைக்கே அதையும் வாங்குங்க. இந்தப் பக்கத்துல வேற எதையும் கேக்கலன்னாலும் இதைக் கேளுங்க.

திடீர்னு வேற பேண்டுக்கு மாத்து ஆளா போறது எப்படி? பாட்டு எல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?

இருக்காது, எழுதி வைக்கணும். ஒரு பாட்டுக்கு ஒரு சீட்டு: டெம்போ, எத்தனை பார் முன்னிசை, எங்க நிக்கணும், முடிவு எப்படி. நடுவுல இருக்கிற பீட் காதே பாத்துக்கும். நான் போன பேண்ட்ல நாலு நாள்ல பதினெட்டுப் பாட்டு, எல்லா முடிவையும் முதல்ல கத்துக்கிட்டேன். ஒரு பாட்டை எல்லாரும் ஒண்ணா நிறுத்திட்டா, நடுவுல நீங்க தடுமாறினதை ஜனம் மன்னிச்சிடும்.

1964 ஜூன்ல ரிங்கோவுக்கு டான்சில் பிரச்சனை வந்து ஆஸ்பத்திரில படுத்தப்போ ஜிம்மி நிக்கல்னு ஒருத்தர் பீட்டில்ஸ்ல எட்டு ஷோ வாசிச்சார், மெல்போர்ன்ல ரிங்கோ வந்ததும் இவர் கிளம்பிட்டார். 1973 நவம்பர்ல தி ஹூ பேண்டோட கீத் மூன் மேடையிலயே மயங்கி விழ, கூட்டத்துல இருந்த 19 வயசுப் பையன் ஸ்காட் ஹால்பின் ஏறி மிச்ச ஷோவை முடிச்சுக் குடுத்தான். மறுபக்கமும் இருக்கு: 1985-ல ஒரே நாள்ல ரெண்டு நாட்டுல நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டுற கச்சேரில, பாடகரும் டிரம்மருமான ஃபில் காலின்ஸ் லண்டன்ல பாடிட்டு கான்கார்டு விமானம் பிடிச்சு ஃபிலடெல்பியா போய் லெட் செப்லின் பேண்டோட வாசிச்சார், ஒத்திகை பத்தல, அவங்க வாசிச்சது சொதப்பல்னு பேர் வாங்குச்சு. அவ்வளவு பெரிய கைக்கே ஒத்திகை வேணும்.

மெட்டல் பேண்ட்ல இருந்து உங்களை ஏன் தூக்கினாங்க?

ரிகர்சலுக்குப் போறேன், ஸ்டாண்டுல வேற யாரோட சிம்பலோ மாட்டியிருக்கு. யாரும் எதுவும் சொல்லல, பேஸ்காரர் மட்டும் கேபிள் சுத்துற மாதிரி குனிஞ்சிட்டே இருந்தார். அப்படித்தான் தெரிஞ்சுது. பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கேன்.

இப்போ டேப்பைக் கேட்டேன். அவங்க பாட்டு 200 பிபிஎம், டபுள் கிக்ல (ரெண்டு காலாலயும் கிக் அடிக்கிறது) பதினாறாம் நோட்டுன்னா, அதாவது ஒரு பீட்டுக்கு நாலு அடின்னா, செகண்டுக்கு 13 அடிக்கு மேல. எனக்குச் சுத்தமா வந்தது 170 வரைக்கும்தான். மூணாவது பாட்டுல இருந்து கிக் எல்லாம் குழஞ்சு ஒரே சேறு. தூக்கினது சரி, சொல்லாம தூக்கினது தப்பு. 1962 ஆகஸ்ட்ல, ரிங்கோவுக்கு முன்னாடி டிரம்மரா இருந்த பீட் பெஸ்ட்டை பீட்டில்ஸ்ல இருந்து எடுத்தப்பவும் மத்த மூணு பேர் நேர்ல சொல்லல, மேனேஜர் ப்ரையன் எப்ஸ்டைன்தான் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்காவது ஒருத்தர் சொன்னார்.

டிரம்மர் போயிட்டா பேண்டே முடிஞ்சுதா?

பேண்டைப் பொறுத்தது. டிரம்மர் ஜான் பான்ஹாம் 1980 செப்டம்பர்ல இறந்ததும் லெட் செப்லின் டிசம்பர்ல பேண்டையே கலைச்சிட்டாங்க. கீத் மூன் 1978-ல இறந்தப்போ தி ஹூ கென்னி ஜோன்ஸை எடுத்துட்டுத் தொடர்ந்தாங்க. எங்க மெட்டல் பேண்ட் நான் போனதும் இன்னும் நல்லா ஆச்சு, அது வேற விஷயம்.

பீட் போட்டது நீங்க. பாட்டுக்கு வர்ற ராயல்டில பங்கு உண்டா?

தானா வராது. பாட்டு எழுதினவங்கன்னு சொன்னா பெரும்பாலும் மெட்டும் வரியும் போட்டவங்கதான் கணக்குல வருவாங்க. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் ப்ரவுனோட டிரம்மர் க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசிச்ச ஒரு சின்ன பீட்டை எத்தனையோ ஹிப் ஹாப் பாட்டுல எடுத்துப் போட்டாங்க, பாட்டை எழுதினவர்னு அவர் பேர் இல்லாததால அவருக்கு ராயல்டி வரல. மூணு பேர் பேண்ட்ல நாங்க முதல் நாளே எல்லாத்தையும் மூணா பிரிச்சு எழுதி வெச்சோம், கடைசி பேண்ட்ல எனக்கு ஷோ கணக்குதான், பாட்டுல பங்கு இல்ல. எதுவா இருந்தாலும் பாட்டு ஹிட் ஆகுறதுக்கு முன்னாடி பேசுங்க.

உங்க பேண்ட்கள்லயே எது பெஸ்ட்? எந்த ஷோ பெஸ்ட்?

போன வருஷம் கேட்டிருந்தா கடைசி பேண்டோட அந்தப் பெரிய திறந்தவெளி ஷோவைச் சொல்லியிருப்பேன், கண்ணுக்கெட்டின வரைக்கும் தலை, லைட்டு, நான் உயரத்துல. டேப் போட்டுக் கேட்டேன். சரியா இருக்கு. சரியா மட்டும்தான் இருக்கு. க்ராஷ் வேற தேவையில்லாத இடத்துல எல்லாம் அடிச்சிருக்கேன்.

மோசம்னு நெனச்சிருந்த ஷோ மூணு பேர் பேண்டோடது. முப்பது பேர்தான் கூட்டம், ரெண்டாவது பாட்டுலயே மானிட்டர் செத்துப் போச்சு, கிட்டார்ல கம்பி அறுந்துச்சு, முடிஞ்சு வேன்ல சண்டை வேற. அந்த டேப்பை நான் ஒரு தடவை கூடக் கேட்டதே இல்ல. இப்போ கேட்டா, என் வாழ்க்கையிலயே நான் வாசிச்ச நல்ல வாசிப்பு அதுதான். காரணம் யோசிச்சா எளிசு. மானிட்டர் இல்லாததால கிட்டாரும் பேஸும் ஆம்பைக் குறைச்சிட்டு என் கிக்கை ஒட்டி வந்து நின்னாங்க, நானும் அவங்க கேக்கணும்னு அடக்கி வாசிச்சேன். மேடையில நமக்கு எதுவும் கேக்காதுன்னு மேல சொன்னேன்ல, அன்னைக்கு ஒரு நாள்தான் மூணு பேருக்கும் மூணு பேரும் கேட்டிருக்கு. அது நடந்துட்டு இருக்கும்போது எனக்கு எரிச்சலா இருந்துச்சுங்கிறதுதான் வேடிக்கை.

பழைய ஆளுங்க கூப்பிட்டா திரும்ப வாசிப்பீங்களா சார்?

அந்த டேப்பை மத்த ரெண்டு பேருக்கும் அனுப்பினேன். சும்மா ஒரு ரூம்ல சேர்ந்தோம், ஷோ எல்லாம் இல்ல. பாடுறவருக்கு மேல்சுரம் எட்டல, எல்லாப் பாட்டையும் ஒரு முழுச் சுரம் இறக்கினோம். நான் காதுல அடைப்போட. முதல் பாட்டுக்கு கவுண்ட் குடுத்தேன், பழைய ஷோ எல்லாத்துலயும் 126-க்கு மேல ஓடின பாட்டு, இப்போ எங்க வேகம் 112. வயசாயிடுச்சுன்னு சிரிச்சோம். பேஸ்காரர் மட்டும் "இல்லப்பா, எழுதினப்போ இந்த ஸ்பீடுதான்"னார்.

வீட்டுக்கு வந்து டப்பாவுல அடியில கிடந்த முதல் டெமோ கேசட்டைத் தேடிப் போட்டு அளந்தேன். 113. அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பச் சேர்றோம், அதுக்குள்ள ஹை-ஹேட்டுக்கு, மேல் சிம்பலைப் பிடிச்சு நிறுத்துற க்ளட்ச் ஒண்ணு வாங்கணும், பழசுல மரை தேஞ்சு போயிடுச்சு.